ஒளிப்பாயின் ஜிஎஸ்எம்: எரிபொருள் இல்லாத விண்கலத்துக்கு நீங்களே கணக்குப் போடலாம்

காகிதத் தொழிலில் இருப்பவர்கள் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்பது அதன் ஜிஎஸ்எம். ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்கிற அந்த ஒரே எண்ணை வைத்து விலை, மடிப்பு, மெஷினின் வேகம் எல்லாம் முடிவாகிவிடும். நான் இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டுச் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறவன். கப்பல் பாயைக் காற்று தள்ளுவதுபோல, விரித்துப் பிடித்த மெல்லிய பளபளப்பான பாயை (அதுதான் ஒளிப்பாய்) சூரிய ஒளி தள்ளுவதாலேயே நகரும் விண்கலங்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, அங்கேயும் இதே எண்தான் ஆட்சி செய்கிறது என்று தெரிந்தது. கலத்தின் மொத்த எடையைப் பாயின் பரப்பால் வகுத்தால் வருகிற ஜிஎஸ்எம்தான் அந்தக் கலத்தின் ஜாதகம். எங்கே போகும், எத்தனை நாளில் போகும், எங்கே நிற்கும் என்பதையெல்லாம் அதிலிருந்தே சொல்லிவிடலாம்.

இதைச் செய்ய ஒரு தாளும், சைன் கொசைன் உள்ள கால்குலேட்டரும் போதும். பத்தாம் வகுப்புப் பெருக்கல் வகுத்தலுக்கு மேல் எதுவும் வராது.

முதல் எண்

தாளில் முதலில் 1,361 என்று எழுதிக்கொள்ளுங்கள். பூமி இருக்கும் தொலைவில், வளிமண்டலத்துக்கு வெளியே, சூரியனை நேருக்கு நேர் பார்க்கிற ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடியில் விழுகிற ஒளியின் ஆற்றல் இத்தனை ஜூல். அதாவது 1,361 வாட். இதை ஒளியின் வேகத்தால், நொடிக்கு 30 கோடி மீட்டரால், வகுங்கள். கிடைப்பது 0.00000454 நியூட்டன். பூஜ்யங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம், 4.54 மைக்ரோநியூட்டன் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏன் ஒளியின் வேகத்தால் வகுக்கிறோம்? ஒளிக்கு நிறை கிடையாது, ஆனால் உந்தம் உண்டு. எவ்வளவு உந்தம் என்றால், அதன் ஆற்றலை அதன் வேகத்தால் வகுத்த அளவு. 1873-ல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் தன் மின்காந்தச் சமன்பாடுகளிலிருந்தே ஒளிக்கு அழுத்தம் இருக்க வேண்டும் என்று காட்டிவிட்டார். குவாண்டம் இயற்பியல் பிறப்பதற்கு முன்பே சொன்னது அது. மாஸ்கோவில் பியோத்தர் லெபடேவ் 1900-ஐ ஒட்டி அதை ஆய்வகத்திலேயே அளந்தார். அமெரிக்காவில் நிக்கோல்ஸும் ஹல்லும் அடுத்த சில ஆண்டுகளில் இன்னும் துல்லியமாக அளந்தார்கள்.

4.54 என்பது விழுகிற ஒளியை முழுக்க விழுங்கிவிடும் கறுப்புப் பரப்புக்கு. பளபளப்பான பாய் என்றால் இரண்டால் பெருக்க வேண்டும். என் அக்கா மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அவள் இந்த இடத்தில் என்னை நிறுத்தினாள். “விழுறது அதே ஒளிதானே மாமா, எதுக்கு ரெண்டு மடங்கு?” நியாயமான கேள்வி. வந்த ஒளியின் உந்தத்தைப் பாய் முதலில் தடுத்து நிறுத்துகிறது, அதற்கு ஒரு பங்கு தள்ளல். பிறகு அதே அளவு உந்தத்தை எதிர்த் திசையில் திருப்பி அனுப்புகிறது, அதற்கு இன்னொரு பங்கு. ஆக சதுர மீட்டருக்கு 9.08 மைக்ரோநியூட்டன். இனி வரும் கணக்கெல்லாம் இந்த 9.08-ஐ வைத்துத்தான்.

இது எவ்வளவு சின்ன விசை என்பதைக் கை உணர வேண்டும். ஒரு ஏக்கர் பரப்புள்ள, துளி ஒளியையும் விழுங்காத கண்ணாடியை விண்வெளியில் விரித்தால் அதன் மேல் விழும் மொத்தத் தள்ளல் 37 மில்லிநியூட்டன் வரும். பூமியில் 3.75 கிராமின் எடை அது. 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம் இருக்கும். நூறு சென்ட் நிலத்தின் மேல் விழுகிற சூரிய ஒளி முழுவதும் சேர்ந்து முக்கால் தாளின் எடைக்குத்தான் தள்ளுகிறது.

ஆனாலும் விண்கலம் கட்டுகிறவர்கள் யாரும் இதை ஒதுக்கிவிட முடிவதில்லை. நம்முடைய இன்சாட்-2 வரிசையில் வானிலைக் கேமரா வைத்த செயற்கைக்கோள்களுக்குச் சூரியத் தகடு ஒரு பக்கம்தான் இருந்தது. மறு பக்கத்தை வானிலைக் கேமராவின் அகச்சிவப்பு உணர்விகள் குளிர்ச்சியாக இருப்பதற்காகக் காலியாக விட்டிருந்தார்கள். ஒரு பக்கத் தகட்டின் மேல் மட்டும் ஒளி தள்ளிக்கொண்டே இருந்தால் கோள் மெல்ல மெல்லத் திருகிக்கொள்ளும். அதை ஈடுகட்ட மறு பக்கத்தில் நீண்ட கம்பம் ஒன்றை நீட்டி, அதன் நுனியில் ஒரு சூரியப் பாயை வைத்தார்கள். இந்தியாவில் கட்டிய இன்சாட்-2ஏ 1992-ல் மேலே போனது. பயணத்துக்காக இல்லை, நிமிர்ந்து நிற்பதற்காக வைத்த பாய் என்றாலும், ஒளியின் அழுத்தத்தைக் கணக்கில் எடுத்துக் கட்டிய நம் கோள் என்று அதை நான் பெருமையோடுதான் சொல்வேன். நாசாவின் கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியின் கதையும் இதற்குப் பக்கத்தில் வரும். 2013-ல், அதைத் திருப்பி நிலையாகப் பிடிக்கும் நான்கு சுழற்சிச் சக்கரங்களில் இரண்டாவதும் பழுதானது. மிஞ்சிய இரண்டு சக்கரங்களோடு சூரிய ஒளியின் அழுத்தத்தையே மூன்றாவது தாங்கலாக வைத்து, 2014-லிருந்து கே2 என்ற பெயரில் மறுபடியும் பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களைத் தேட ஆரம்பித்தார்கள்.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு

கடைகளில் கண்ணாடிக் குமிழுக்குள் நான்கு இலைகள் சுற்றுகிற குரூக்ஸ் ரேடியோமீட்டர் கிடைக்கும். இலையின் ஒரு பக்கம் கறுப்பு, மறு பக்கம் பளபளப்பு. வெயில் பட்டால் சுற்றும். இதுதான் ஒளியழுத்தம் என்று யாராவது காட்டினால், எந்தத் திசையில் சுற்றுகிறது என்று கவனியுங்கள். கறுப்புப் பக்கம் ஒளியை விட்டு விலகி ஓடும். ஒளியின் தள்ளலால் சுற்றுகிறது என்றால் பளபளப்பான பக்கம்தான் விலக வேண்டும், அதற்குத்தானே இரண்டு மடங்கு விசை. குமிழுக்குள் மிச்சம் இருக்கிற காற்று, சூடான கறுப்பு இலையின் விளிம்புகளில் செய்யும் வேலை அது.

லேசர் பாயிண்டரை வைத்துக் காகிதத்தைத் தள்ளவும் முயல வேண்டாம். 5 மில்லிவாட் லேசர் கண்ணாடியில் பட்டுத் திரும்பினால் விசை 0.000033 மைக்ரோநியூட்டன். 80 ஜிஎஸ்எம் தாளில் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் துணுக்கு வெட்டினால் அதன் எடை இதைப்போல் 23,000 மடங்குக்கும் மேல். லேசர் சூடாக்கும் காற்றின் அசைவே அதை முந்திவிடும். லெபடேவ் அவ்வளவு பாடுபட்டு வெற்றிடம் உண்டாக்கியது இதனால்தான்.

உங்களால் நிஜமாகச் செய்யக்கூடியது வேறு ஒன்று: எடை பார்ப்பது. பளபளப்பான சிப்ஸ் பாக்கெட்டையோ, பரிசுப் பொருள் சுற்றுகிற மெட்டலைஸ்டு பிலிமையோ எடுத்து, சரியாக 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் வெட்டுங்கள். அது ஒரு சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்கு. நகைக்கடைத் தராசு போல கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் தராசில் வைத்து, வந்ததை 100-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம். மெல்லிய பிலிம் என்றால் பத்துத் துண்டு வெட்டி ஒன்றாக வைத்து 10-ஆல் பெருக்குங்கள், தராசின் தடுமாற்றம் குறையும். நாங்கள் கடைக்கு வரும் ரீமைச் சோதிப்பதும் இதே வழியில்தான்.

தராசு இல்லையென்றால் பிலிமின் தடிமனை மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எடுத்து அடர்த்தியால் பெருக்கலாம். பாலியஸ்டரின் அடர்த்தி ஏறக்குறைய 1.4. சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் 12 மைக்ரான் பிலிம் 17 ஜிஎஸ்எம். விண்வெளிக்குப் போன பாய்கள் இன்னும் மெல்லியவை. ஜப்பானின் இகாரோஸ் 7.5 மைக்ரான் பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக், அதாவது கிட்டத்தட்ட 10.6 ஜிஎஸ்எம். விண்வெளி ஆர்வலர்களின் அமைப்பான பிளானட்டரி சொசைட்டியின் லைட்செயில்-2 கொண்டுபோன மைலார் (இதுவும் பாலியஸ்டர் பிலிம்தான்) 4.5 மைக்ரான், 6.3 ஜிஎஸ்எம். மேலே பூசும் அலுமினியம் 0.1 மைக்ரான் இருந்தாலே ஒளி திரும்பிவிடும், அது 0.27 கிராம்தான் கூட்டும்.

எடையிலிருந்து வேகத்துக்கு

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பிலிமின் ஜிஎஸ்எம் வேறு, கலத்தின் ஜிஎஸ்எம் வேறு. பிலிம், அதை விரித்துப் பிடிக்கும் கம்பங்கள், சுருட்டி வைத்த பெட்டி, கேமரா, ரேடியோ, பேட்டரி எல்லாவற்றையும் கூட்டிய மொத்த எடையைப் பாயின் பரப்பால் வகுக்க வேண்டும். அந்த எண் கைக்கு வந்துவிட்டால் மீதி ஒரே வகுத்தல்:

9.08 ÷ கலத்தின் ஜிஎஸ்எம் = முடுக்கம், நொடிக்கு நொடி மில்லிமீட்டரில்.

ஒரு நாளில் 86,400 நொடி. அதையும் சேர்த்துப் பெருக்கிவிட்டால் இன்னும் வசதி:

785 ÷ கலத்தின் ஜிஎஸ்எம் = ஒரு நாளில் கூடும் வேகம், நொடிக்கு மீட்டரில்.

இந்த இரண்டாவது வாய்பாட்டை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்திருக்கிறேன். விண்வெளிப் பாய் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் முதலில் எடையையும் பரப்பையும் தேடி இதில் போட்டுப் பார்ப்பேன்.

போட்டுப் பார்ப்போம். லைட்செயில்-2 மொத்தம் 5 கிலோ, பாய் 32 சதுர மீட்டர். 5,000 ÷ 32 = 156 ஜிஎஸ்எம். நல்ல ஆர்ட் பேப்பர் காலண்டரின் கனம். 785 ÷ 156 = 5. முழு நாளும் சூரியனைப் பார்த்தபடி நின்றால் நொடிக்கு 5 மீட்டர் வேகம் கூடும்.

இகாரோஸ் 2010 மே 21-ல் தானெகஷிமா ஏவுதளத்திலிருந்து கிளம்பியது. ஒரு பக்கம் 14 மீட்டர் உள்ள சதுரப் பாய், 196 சதுர மீட்டர். ஐந்து சென்ட் மனைக்குக் கொஞ்சம் குறைவு. மொத்த எடை சுமார் 310 கிலோ. வகுத்தால் 1,580 ஜிஎஸ்எம். பைண்டிங் அட்டையின் கனம் இது. நாளுக்கு நொடிக்கு அரை மீட்டர் கிடைக்க வேண்டும். விசையாகச் சொன்னால் 196 × 9.08, அதாவது 1.78 மில்லிநியூட்டன். ஜப்பானிய விண்வெளி நிறுவனமான ஜாக்ஸா நிஜமாக அளந்து அறிவித்தது 1.12 மில்லிநியூட்டன்.

கணக்கில் 63 சதவீதம்தான் வந்தது என்றால் கணக்கு தப்பு என்று பொருளில்லை. மீதி எங்கே போனது என்று தேடுவதுதான் இந்தப் பயிற்சியின் சுவையே. அலுமினியப் பூச்சு பத்தில் ஒரு பங்கு ஒளியை விழுங்கிவிடும். பாயின் ஒரு பகுதியில் மெல்லிய சூரிய மின்கலங்களும், ஒளியைத் திருப்பும் தன்மையை மாற்றிக் கலத்தைத் திருப்பப் பயன்பட்ட திரவப் படிகத் தகடுகளும் ஒட்டப்பட்டிருந்தன. பாய் சூரியனை அப்படியே நேராகப் பார்த்துக்கொண்டிருக்கவும் இல்லை. போதாததற்குச் சுருக்கங்கள். பளபளப்பான பிலிமை ஒருமுறை மடித்துவிட்டால் அந்தக் கோடு போகவே போகாது என்பது லேமினேஷன் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். சுருக்கம் விழுந்த இடத்தில் ஒளி பக்கவாட்டில் சிதறும், சிதறிய ஒளி நமக்கு வேண்டிய திசையில் தள்ளாது. இகாரோஸுக்குக் கம்பங்களே கிடையாது. கலத்தையே சுற்றவிட்டு, மூலைகளில் கட்டியிருந்த சிறு எடைகள் வெளியே இழுக்க, பாய் விரிந்து இறுகியது. மடிப்பைப் பற்றிக் கவலைப்பட்டே வாழ்கிற எனக்கு இதில் பிடித்தது அந்த யோசனைதான். அதே ஆண்டு டிசம்பர் 8-ல் அது வெள்ளியைக் கடந்து போனது.

ஆகவே உங்கள் கணக்கில் வரும் முடுக்கத்தை எப்போதும் 0.9-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், நல்ல பாய்க்கு அது நியாயமான தள்ளுபடி. இகாரோஸ் போன்ற முதல் முயற்சிக்கு 0.6 என்றே வைத்துக்கொள்ளலாம்.

பாயைச் சாய்ப்பது

ஒளி சூரியனிலிருந்து வெளியே மட்டும்தான் தள்ளும், அப்படியானால் வெள்ளிக்கு, உள்பக்கமாக, எப்படிப் போக முடியும்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் ஒளிப்பாய் புரிந்ததாக அர்த்தம்.

கலம் அந்தரத்தில் சும்மா நிற்கவில்லை. பூமியிலிருந்து கிளம்பியது எதுவானாலும் பூமியைப் போலவே நொடிக்கு 29.8 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த வேகம்தான் அதைச் சூரியனுக்குள் விழாமல் காக்கிறது. நாம் செய்ய வேண்டியது அந்த ஓட்டத்தைக் கொஞ்சம் பிடித்து இழுப்பது. பாயைச் சாய்த்தால், திரும்பிப் போகும் ஒளி பக்கவாட்டில் போகும். தள்ளல் பாயின் முகத்துக்குச் செங்குத்தாக வரும். ஓட்டத்துக்கு எதிராகத் தள்ளுமாறு சாய்த்தால் கலம் சுருள் சுருளாக உள்ளே இறங்கும். ஓட்டத்தின் திசையிலேயே தள்ளுமாறு சாய்த்தால் சுருள் வெளியே விரியும். உள்ளே இறங்கும் கலத்தின் வேகம் குறையாமல் கூடுவது பார்க்க விசித்திரமாக இருக்கும். எதிராகத் தள்ளுகிறோம், ஆனால் சூரியனை நோக்கி இறங்குவதால் கிடைக்கும் வேகம் அதைவிட அதிகம்.

எவ்வளவு சாய்ப்பது? சாய்த்தால் பாயில் விழும் ஒளி கொசைன் அளவுக்குக் குறையும். விழுந்த ஒளியின் தள்ளலில் பாய்க்குச் செங்குத்தான பங்கு மட்டுமே மிஞ்சுவதால் இன்னொரு கொசைன். அந்த விசையில் ஓட்டத்தின் திசையில் பயன்படுவது சைன் பங்கு. ஆக கொசைன் × கொசைன் × சைன். கால்குலேட்டரில் 30 டிகிரிக்குப் போட்டால் 0.375 வரும். 45-க்கு 0.354. 40-க்கு 0.377. 35-க்கு 0.385, அதுதான் உச்சம். நுணுக்கமாகப் பார்த்தால் 35.26 டிகிரி. நேராக நின்றால் கிடைக்கும் விசையில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு மேல் யாராலும் எடுக்க முடியாது.

வெள்ளிப் பயணத்தைக் கணக்குப் போடுங்கள். வெள்ளி நொடிக்கு 35 கிலோமீட்டரில் சுற்றுகிறது, பூமி 29.8-ல். மெதுவாகச் சுருளும் பாதையில் இந்த வித்தியாசமான 5.2 கிலோமீட்டரைத்தான் பாய் தன் தள்ளலால் ஈட்ட வேண்டும். 18 ஜிஎஸ்எம் கலம் ஒன்று கட்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். 785 ÷ 18 = 43.6, அதை 0.385-ஆல் பெருக்கினால் நாளுக்கு நொடிக்கு 16.8 மீட்டர் வேகம். 5,200-ஐ இதால் வகுத்தால் 310 நாள். உள்ளே போகப் போக ஒளி வலுத்துக்கொண்டே வரும் (வெள்ளியின் தொலைவில் பூமியைப்போல் 1.9 மடங்கு), அதனால் நிஜத்தில் இன்னும் சீக்கிரம் முடியும். ஒரு சொட்டு எரிபொருள் செலவில்லை.

பூமியைச் சுற்றும் பாய்க்கு வழி வேறு. அங்கே ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம் சூரியனை நோக்கியும் பாதி நேரம் விலகியும் போகும். விலகும்போது பாயின் முகத்தைக் காட்டி, நெருங்கும்போது விளிம்பைக் காட்ட வேண்டும். லைட்செயில்-2 ஒவ்வொரு சுற்றுக்கும் இப்படி இரண்டுமுறை 90 டிகிரி திரும்பி, 2019 ஜூலை 23-ல் பாய் விரித்தபின் சில நாட்களிலேயே தன் பாதையின் உச்சியை ஒரு கிலோமீட்டருக்கு மேல் உயர்த்திக் காட்டியது. ஆனால் சுமார் 720 கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய காற்று இன்னும் இருக்கிறது. அத்தனை பெரிய பரப்பை அது விடாமல் உரசியது. 2022 நவம்பர் 17-ல் கலம் எரிந்து விழுந்தது. உங்கள் திட்டத்தில் உயரம் 800 கிலோமீட்டருக்குக் கீழே என்றால் காற்றைக் கணக்கில் சேர்க்காமல் எதுவும் பேச முடியாது. 2024-ல் நியூசிலாந்திலிருந்து போன நாசாவின் ஏசிஎஸ்3, 80 சதுர மீட்டர் பாயோடு ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறியது.

1.53

ஒளிப்பாயில் நான் மயங்கிப்போன எண் இது. பூமியின் தொலைவில் சூரியனின் ஈர்ப்பு நொடிக்கு நொடி 5.93 மில்லிமீட்டர். ஒளியின் தள்ளல் 9.08 ÷ ஜிஎஸ்எம். இரண்டும் சமமாக வேண்டும் என்றால் ஜிஎஸ்எம் 1.53 இருக்க வேண்டும். ஈர்ப்பும் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது, ஒளியும் அப்படியே குறைகிறது. ஆகவே ஓரிடத்தில் சமமானால் சூரிய மண்டலத்தில் எங்கே போனாலும் சமம். அந்தப் பாய்க்குச் சூரியன் இல்லாத மாதிரிதான். சுற்றாமல் அப்படியே நிற்கலாம், அல்லது நேர்கோட்டில் போகலாம்.

3.06 ஜிஎஸ்எம் கூட அதிசயம்தான். அதற்கு ஈர்ப்பு பாதியாகத் தெரியும். முழு ஈர்ப்பில் வட்டமாகச் சுற்றப் போதுமான வேகம், பாதி ஈர்ப்பில் தப்பித்து ஓடப் போதுமான வேகம். சூரியனைப் பார்த்து நேராகப் பாயை விரித்தாலே, சாய்க்காமலேயே, கலம் சூரிய மண்டலத்தை விட்டு வெளியேறிவிடும். ஆனால் ஒரு மைக்ரான் பாலிஇமைடு மட்டுமே 1.42 ஜிஎஸ்எம். பிலிம், கம்பம், கலம் எல்லாம் சேர்த்து மூன்று கிராமுக்குள் அடக்க இன்றைக்கு வழியில்லை.

அதனால் வேகத்தைவிட, நிற்பதற்காகப் பாயைப் பயன்படுத்துவதுதான் இப்போதைக்கு நமக்குக் கைகூடும் காரியம் என்று நினைக்கிறேன். அதைக் கடைசிவரை கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஆதித்யா-எல்1 2024 ஜனவரி 6 முதல் சுற்றிக்கொண்டிருக்கும் எல்1 புள்ளி, பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டரில் இருக்கிறது. சூரியனின் இழுப்பில் ஒரு பகுதியைப் பூமி பின்னாலிருந்து இழுத்து ஈடுகட்டுவதால், அங்கே உள்ள கலம் பூமிக்கு முன்னால் ஓடிவிடாமல் அதோடு சேர்ந்தே வருடத்துக்கு ஒரு சுற்று வருகிறது. நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சூரியக் காற்று, அதாவது சூரியன் வீசும் மின்னூட்டத் துகள்கள், அங்கிருந்து பூமிக்கு வர ஒரு மணி நேரம் ஆகும். கலத்தை 30 லட்சம் கிலோமீட்டரில் நிறுத்த முடிந்தால் சூரியப் புயல் எச்சரிக்கைக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும். மின்கட்டமைப்பையும் செயற்கைக்கோள்களையும் காப்பாற்ற வேண்டியவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம். பாய் இல்லாமல் அங்கே நிற்க முடியாது.

30 லட்சம் கிலோமீட்டர் என்பது பூமி-சூரியன் தொலைவில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆகவே கலம் இருக்குமிடம் 0.98 பங்குத் தொலைவு. அங்கே சூரிய ஈர்ப்பு 5.93 ÷ (0.98 × 0.98) = 6.174 மில்லிமீட்டர். வருடத்துக்கு ஒரு சுற்று வரத் தேவையான உள்நோக்கிய முடுக்கம் 5.93 × 0.98 = 5.811. பூமி பின்னால் இழுப்பது: 30,00,000-ஐப் பூமியின் ஆரமான 6,371-ஆல் வகுத்தால் 471, 9.8 மீட்டரை 471-ஆல் இரண்டுமுறை வகுத்தால் 0.044 மில்லிமீட்டர். 6.174 − 5.811 − 0.044 = 0.319. இந்த மிச்சத்தைத்தான் பாய் சுமக்க வேண்டும். சூரிய ஈர்ப்பில் அது 0.319 ÷ 6.174, அதாவது 0.0517 பங்கு. 1.53 ÷ 0.0517 = 29.6 ஜிஎஸ்எம். பத்து சதவீதத் தள்ளுபடி போனால் 27.

இனி பட்ஜெட். 4.5 மைக்ரான் மைலாரும் அலுமினியமும் 6.5. கம்பம், கயிறு, விரிக்கும் பொறிக்கு அதே அளவு என்று வைத்தால் மொத்தம் 13. மீதி 14 ஜிஎஸ்எம் கலத்துக்கு. கருவிகளோடு கலம் 20 கிலோ என்றால் 20,000 ÷ 14, சுமார் 1,430 சதுர மீட்டர் பாய் தேவை. ஒரு பக்கம் 38 மீட்டர். முப்பத்தைந்து சென்ட் நிலம். இந்த விடை வந்ததும் நாசா இதே நோக்கத்துக்குத் திட்டமிட்ட சோலார் குரூஸரின் பாய் எவ்வளவு என்று பாருங்கள்: சுமார் 1,650 சதுர மீட்டர். ஒரு தாளில் போட்ட கணக்கு அவர்கள் வரைந்த பாய்க்கு இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கிறது! 2024 ஜனவரியில் அந்தப் பாயின் நான்கில் ஒரு பங்கை அமெரிக்காவின் கொலராடோவில் தரையில் விரித்துக் காட்டினார்கள். இன்னும் மேலே போகவில்லை. போக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கலத்தின் எடையை 10 கிலோவாகக் குறைத்தும், பிலிமை 2.5 மைக்ரானாக்கியும், 40 லட்சம் கிலோமீட்டருக்குத் தள்ளியும் இதே வரிகளைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். எந்த எண் எதை இழுக்கிறது என்பது இரண்டு மூன்று தடவையில் பிடிபட்டுவிடும்.

சூரியன் போதாதபோது

நட்சத்திரத்துக்குப் போக வேண்டும் என்றால் சூரிய ஒளி உதவாது. தொலைவு கூடக் கூட மங்கிவிடும். அதற்குப் பதில் லேசரால் தள்ளலாம் என்று அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் ஃபார்வர்ட் போன்றவர்கள் பல பத்தாண்டுகளாகக் கணக்குப் போட்டார்கள். 2016 ஏப்ரலில் கோடீஸ்வரர் யூரி மில்னரும் இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கும் அறிவித்த பிரேக்த்ரூ ஸ்டார்ஷாட் திட்டம், அந்த வழியில் 4.37 ஒளியாண்டு தள்ளியுள்ள ஆல்ஃபா சென்டாரி விண்மீன்களுக்கே போகலாம் என்றது: 100 ஜிகாவாட் லேசர், சில மீட்டர் பாய், சில கிராம் எடை, ஒளியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

நம் வழியிலேயே பாருங்கள். விசை = 2 × வாட் ÷ ஒளியின் வேகம். 100 ஜிகாவாட்டுக்கு 667 நியூட்டன். கலம் 2 கிராம் என்று வைத்தால் முடுக்கம் பூமி ஈர்ப்பைப்போல் 34,000 மடங்கு. நொடிக்கு 60,000 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 180 நொடி, மூன்றே நிமிடம். அதற்குள் கலம் 54 லட்சம் கிலோமீட்டர் போயிருக்கும். ஒரு கிலோமீட்டர் அகலமான லேசர் வரிசையிலிருந்து கிளம்பிய ஒரு மைக்ரான் அலைநீள ஒளி அந்தத் தொலைவில் எவ்வளவு அகலத்துக்குப் பரவும்? அலைநீளம் × தொலைவு ÷ வரிசையின் அகலம்: 5.4 மீட்டர். பாயின் அளவோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. லேசர் வரிசை ஏன் கிலோமீட்டர் கணக்கில் இருக்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு வரிதான் காரணம்.

வெப்பத்தையும் ஒரு வரியில் பார்த்துவிடலாம். விழுகிற ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கைப் பாய் விழுங்கினாலும் அது ஒரு மெகாவாட். சில சதுர மீட்டர் பரப்பு, கிராம் கணக்கில் எடை, அதன் மேல் ஒரு மெகாவாட் சூடு. பத்தில் ஒரு பங்கை விழுங்கும் அலுமினியம் இங்கே கண் இமைப்பதற்குள் ஆவியாகும். ஒளியை ஏறக்குறைய விழுங்கவே செய்யாத, ஆனால் நன்றாகத் திருப்பி அனுப்பும் மின்கடத்தாப் படலம் வேண்டும். அதையும் ஒரு ஜிஎஸ்எம் பக்கத்தில் செய்ய வேண்டும். கற்றையின் நடுவிலிருந்து பாய் கொஞ்சம் நழுவினாலும் தானாகவே நடுவுக்குத் திரும்பும் வடிவம் எது என்பது அதற்கடுத்த கேள்வி. தட்டையான பாய் நழுவினால் நழுவியதுதான், திரும்பாது. அதை விசை, முறுக்கம் இரண்டையும் பரப்பு முழுவதும் கூட்டித்தான் கண்டுபிடிக்க முடியும். கால்குலேட்டரை வைத்துவிட்டுக் கணினியைத் திறக்க வேண்டிய இடம் அது.